சோப்பு டப்பாவுக்கு ஒரு ஸ்டாண்ட்பை

பொன்னுரங்கத்தின் முகம் மூன்று வாரம் தெரியவில்லை. நடந்த தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆட்கள் சேர்த்துக்கொண்டது.

பையை நகர்த்த வேண்டாம். நானே மடியில் வைத்துக்கொள்கிறேன். உட்காருங்கள். தாண்டிக்குடிதானே? நானும் அங்கேதான். டிரைவர் இன்னும் டீக்கடையில் நிற்கிறார், இப்போதைக்கு எடுக்க மாட்டார். பையில் என்ன, இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிறீர்கள் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். கேட்டுவிட்டால் முழுக்கக் கேட்க வேண்டும். நடுவில் போனை எடுக்கக் கூடாது.

பையில் வெற்றிலை. வத்தலக்குண்டு வெற்றிலை, பொன்னுரங்கத்துக்கு. அதற்குக் கீழே ஒரு சோப்பு டப்பா.

சோப்பு டப்பா என்று நாங்கள் வைத்த பெயர். வெளியூர் போகிறவர்கள் லாட்ஜில் வைஃபை பிடிக்க வாங்குவார்களே, உள்ளங்கை அகல ரூட்டர், அதுதான். டிராவல் ரூட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும். மலிவு. போனுக்குப் போடும் பவர்பேங்க்கிலேயே ஓடும். நான் ஈ.பி.யில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கரண்ட் போனாலும் ஓடுகிற சாமான் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

நாங்கள் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். ஹாம் என்பார்கள். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஆளுக்கொரு கால்சைன், அதாவது அடையாளக் குறி, வைத்துக்கொண்டு காற்றில் பேசுகிறவர்கள். கையில் போன் இருக்கும்போது அது எதற்கு என்று கேட்கப் போகிறீர்கள். வேண்டாம். என் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த டப்பாவில் கம்பெனிக்காரன் எழுதி வைத்த புரோகிராமை அழித்துவிட்டு எங்கள் புரோகிராமை ஏற்றுவோம். மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சுண்டுவிரல் ஆண்டெனாவை எடுத்துவிட்டு, வயர் பற்றவைத்து, வெளியே ஒழுங்கான ஆண்டெனா கொடுப்போம். பி.வி.சி. பைப்புக்குள் விட்டு இரண்டு பக்கமும் மூடி போட்டு மொட்டைமாடியில் கட்டினால் மழைக்கும் கவலையில்லை. முதல் இரண்டு டப்பா என் கையில் செத்தது. சாமான் என்றால் சாகும்.

இப்படி ஆளுக்கொன்று மாடியில் கட்டினால் அதுகள் ஒன்றையொன்று தாமே தேடிக் கைகோத்துக்கொள்ளும். மெஷ் என்று பெயர். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியில் போகும். இன்டர்நெட் வேண்டாம். டவர் வேண்டாம். எங்கள் வலையில் மூன்று டப்பா. ஒன்று வத்தலக்குண்டில் என் மாடியில். ஒன்று மூன்று தெரு தள்ளி மைக்செட் காஜா மைதீன் குடோன் மேல். மூன்றாவது மலையில், தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு சரிவில், பொன்னுரங்கம் வீட்டு ஓட்டு மேல், பழைய டி.டி.எச். தட்டோடு. அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊர் கோலப்பொடி கொட்டின மாதிரி தெரியும். செல்போன் டவர் ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. அவன் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எங்கள் வலைக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. ஹாம்காரன் மறைத்துப் பேசக் கூடாது. அதனால் ஒவ்வொரு டப்பாவும் தன் கால்சைனையும் பெயரையும் சுற்றுவட்டாரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் எவர் போனைத் திறந்தாலும் வைஃபை பட்டியலில் அந்தப் பெயர் வரும். என் தெருவில் சிலர் இலவசம் என்று நினைத்து ஒட்டிக்கொண்டு, பொன்னுரங்கம் பல் விளக்குவதைப் பார்த்துவிட்டு ஓடிப்போனார்கள்.

பல் விளக்குவது எங்கே வந்தது என்கிறீர்கள். அதுதான் விஷயமே.

பொன்னுரங்கம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். ஓய்வு பெற்றதும் பெண்டாட்டி வழியில் வந்த காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாள். தனியாக இருக்கிறான். ஒரே மகள் மங்கை, கோயம்புத்தூரில் பல் டாக்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவன் மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு, ரேடியோவில் என்னிடம் ‘சூப்பரா இருக்கேன்’ என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் அதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது?

மகள் ஒரு சட்டம் போட்டாள். குரலை நம்ப மாட்டாளாம். குரல் பொய் சொல்லுமாம். தினமும் காலையில் வாஷ்பேசினுக்கு மேல் ஒரு கேமரா முன்னால் நின்று அவன் பல் விளக்க வேண்டும். இரண்டு கையும் தெரிய வேண்டும். நான் என் வீட்டிலிருந்து அதைப் பார்த்து அவளுக்குப் போன் செய்ய வேண்டும். அது நடக்கிற வரைக்கும் அவன் மலையில் இருக்கலாம். நின்றால் கோயம்புத்தூர்.

அதற்காகத்தான் இந்த வலை. நான் கட்டினது. தினமும் காலையில் பார்ப்பேன். அவளுக்குப் போன் போடுவேன். ‘இருக்கான். வை.’ அவ்வளவுதான். அதற்கு அவள் ‘மாமா, குட்மார்னிங்காவது சொல்லுங்க’ என்பாள். நான் வைத்திருப்பேன்.

இரண்டு வருஷம் ஒரு நாள் தவறவில்லை.

அப்புறம் சித்திரையில் ஓர் இடி. மலையில் அவன் டப்பா புகைந்துவிட்டது. நான் புதிதாக ஒன்று தயார் செய்து கொண்டுபோய்க் கட்டி வருவதற்குள் அவளுக்குச் சமாதானம் சொல்லி என் வாய் வற்றிவிட்டது. அப்போதுதான் முடிவு செய்தேன். ஸ்டாண்ட்பை வேண்டும்.

முப்பது வருஷம் சப்ஸ்டேஷன் பார்த்தவன் நான். ஸ்டாண்ட்பை என்றால் அலமாரியில் தூங்குகிற சாமான் இல்லை. அது எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். மெயின் விழுந்த நிமிஷம் இது எழுந்து நிற்க வேண்டும். ஆகவே இன்னொரு சோப்பு டப்பா வாங்கி, மலையில் இருக்கிறதை அப்படியே இதில் காப்பி எடுத்தேன். அதே நம்பர், அதே பெயர், எழுத்துக்கு எழுத்து. பவர்பேங்க்கில் மாட்டி, இதோ இந்தப் பைக்குள் போட்டேன். பை எப்போதும் என் கூடவே இருக்கும். ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறும். இடி விழட்டும், நான் பஸ் ஏறிப் போய் மாட்டிவிட்டு வருவேன். இதை எவனாவது இந்த ஜில்லாவில் செய்திருக்கிறானா?

பஸ் எடுத்துவிட்டார். ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள்.

மறுநாள் காலை முகம் வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. ரேடியோவில் கூப்பிட்டால் பொன்னுரங்கம் பேசுகிறான். ‘நின்னு விளக்கிட்டுதான்டா இருக்கேன், நுரை தள்ளுது’ என்கிறான். குரல் இருக்கிறது, முகம் இல்லை. மகளிடம் சொன்னேன். சரி மாமா, சீக்கிரம் பாருங்க என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பல் டாக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

முதலில் காஜாவைப் பிடித்தேன். காஜா நல்லவன், வாய் மட்டும் அவன் ஸ்பீக்கர் மாதிரி. குடோனுக்குள் நுழையும்போதே, ‘அண்ணே, நம்ம பக்கம் பளிச்சுன்னு தெரியுது, அவரு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறாரு’ என்றான். காட்டு பார்க்கலாம் என்று பக்கத்தில் போனேன். வட்டம் சுற்றியது. என் கண் முன்னால். காஜா திரையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்.

‘நீங்க வந்ததும்தான் போச்சுண்ணே.’

எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன கிரகணமா? உன் ஆம்ப்ளிஃபயர் இரைச்சல்தான் காரணம் என்று சொல்லி, அந்த வாரம் முழுக்க அவன் குடோனில் மைக்செட்டே போடக் கூடாது என்றுவிட்டேன். ஒரு காதுகுத்துக்குப் பாட்டு டெஸ்ட் செய்ய முடியாமல் திண்டாடினான். நான் கிளம்பித் தெருமுனை தாண்டவில்லை, போன் செய்கிறான், ‘அண்ணே, வந்துருச்சு.’ வைத்துவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவன் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்தால் பேச்சியம்மாள். என் வீட்டுக்காரி. நான் இல்லாதபோது பொன்னுரங்கம் அண்ணன் முகம் தெரிந்ததாம், பேசினாராம், தோட்டத்தில் காட்டுமாடு வந்ததாம். எங்கே காட்டு என்றேன். வட்டம். ‘இப்ப நீங்க வந்துட்டீங்கல்ல’ என்றாள். அவளும் அதே பாட்டு. நானாவது மங்கைக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றேன். நான் டெஸ்ட் செய்யாத லைனுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. சர்வீஸில் போட்டதில்லை, இப்போதும் போட மாட்டேன்.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, கோலம் போட்டுக்கொண்டே, ‘உங்க வீட்ல பொன்னுரங்கம்னு புதுசா யாரும் குடி வந்திருக்காங்களா, போன்ல அந்தப் பேரு வருது’ என்று கேட்டாள். மலையில் இருக்கிறவன் பெயர் இவ்வளவு தூரம் வருகிறது என்றால் என் ஆண்டெனா அப்படி என்று அவளுக்குச் சொன்னேன். தலையாட்டினாள். அவளுக்கு என்ன புரிந்திருக்கும்.

சிரிக்கிறீர்கள். என்ன சிரிப்பு? சொல்லி முடிக்கவில்லை.

அடுத்த சந்தேகம் சவுக்குமரம். இல்லை, சில்வர் ஓக். தோட்டத்து ஓரத்தில் வளர்ந்து தட்டை மறைக்கிறது என்று நினைத்தேன். கிளையை வெட்டச் சொன்னேன். வெட்டினான். வரவில்லை. தட்டைக் கொஞ்சம் கிழக்கே திருப்பச் சொன்னேன். ஆளைப் பிடித்துச் செய் என்று சொல்ல நினைத்தேன், சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. அவனே ஏணி போட்டு ஓட்டு மேல் ஏறிவிட்டான். எழுபத்திரண்டு வயசு. மேலே உட்கார்ந்துகொண்டு ரேடியோவில், ‘டேய் சிவனாண்டி, இங்கேருந்து உன் மொட்டைமாடி தெரியுதுடா, வேட்டி காயப்போட்டிருக்க’ என்று கதை பேசுகிறான். நான் இறங்கு இறங்கு என்று கத்துகிறேன். இந்தப் பேச்சை மூன்றாவதாக ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். காஜா.

மகள் காஜாவுக்குப் போன் செய்திருக்கிறாள். என்னண்ணா நடக்குது அங்கே என்று. காஜாவிடம் அப்படிக் கேட்கலாமா? ஓடு, ஏணி, கிளை, வேட்டி எல்லாம் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. சத்தம் போடவில்லை. மூன்று வாரம் பார்த்துட்டேன் மாமா, என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். வீட்டைப் பூட்டி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். என்னையும் கூட வரச் சொன்னாள். நான் சொன்னால்தான் அவர் கேட்பாராம்.

நான் அவனிடம் ரேடியோவில் சொன்னேன்.

‘அவ ஃப்ளாட்ல ஆண்டெனா கட்ட விட மாட்டாங்களாம்டா,’ என்றான். ‘ஒரு வயர்கூட.’

ஓவர் என்று சொல்லி அணைத்துவிட்டேன். எனக்கு அன்றைக்குத் தொண்டையில் சளி.

அவன் போனால் எனக்கென்ன? காலையில் ஒரு வேலை குறையும். நாற்பது வருஷம் அவன் தொணதொணப்பைக் கேட்டாயிற்று. பேச்சியம்மாள்தான், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். குழம்பில் உப்பில்லை. அது காரணம்.

ஞாயிற்றுக்கிழமை. இதே பஸ். முன்னால் டிரைவருக்குப் பின் சீட். மலையில் கார் ஓட்ட அவளுக்குப் பயம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், என் மடியில் இந்தப் பை. அவள் காலுக்கடியில் ஒரு சூட்கேஸ். தூக்கி வைக்க உதவினேன், கனமே இல்லை. காலி. அப்பா துணிக்கு என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஊர் தாண்டினதும் சட்டைப்பையில் இருந்த வாக்கிடாக்கியில் காஜா. ‘அண்ணே, வந்துருச்சுண்ணே, பளிச்சுன்னு இருக்குண்ணே.’ வாயை மூடு என்றேன். மங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எப்போதும் அப்படித்தான் என்றேன். நான் ஊரை விட்டு வெளியே வந்தாலே அவனுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும் என்றேன். எரிச்சலில் சொன்னது. அவள் கொஞ்ச தூரம் போனதும் போனை எடுத்தாள்.

பட்டிவீரன்பட்டி தாண்டி மலை ஆரம்பிக்கிற இடம். செக்போஸ்டில் பஸ் நின்றது. போனை என் பக்கம் திருப்பினாள். வைஃபை பட்டியல். ஒரே ஒரு பெயர்தான். பொன்னுரங்கம், அவன் கால்சைன். முழுப் பட்டையும் நிறைந்திருந்தது.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பார்த்தாயா என்றேன். மலைக்குக் கீழே, பஸ்ஸுக்குள், உன் கைப் போனில் முழு சிக்னல். கெட்டுப்போன தட்டில் நான் கட்டின ஆண்டெனா இது. இதைத்தான் வேலை செய்யவில்லை என்கிறீர்கள்.

ஆமா மாமா என்றாள்.

பஸ் ஏறியது. முதல் வளைவு. மலை குறுக்கே வந்து நிற்கிறது. அவள் போனைப் பார்த்தாள். பட்டை குறையவில்லை. பாறையைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்றேன். அடுத்த வளைவு. அடுத்தது. குறையவில்லை. எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் நல்ல வேலையைக் குறை சொல்லக் கூடாது.

அவள் எழுந்தாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் கடைசி வரைக்கும் நடந்தாள். கண்டக்டர் உட்காரும்மா என்கிறார். கடைசி சீட்டில் நின்று போனைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி நடந்து வந்தாள். வாழைத்தார் வைத்திருந்தவர், கோழிக்கூடை வைத்திருந்தவர் எல்லோர் பக்கத்திலும் நின்று நின்று வந்தாள். பல்லில் எந்த இடம் சொத்தை என்று தட்டித் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. என்னிடம் வந்ததும் போனை இந்தப் பை மேல் வைத்தாள்.

‘மாமா,’ என்றாள். ‘அப்பா வீடு உங்க மடியில இருக்கு.’

வாழைத்தார்க்காரர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று அவருக்கே தெரியாது.

அவளே பையைத் திறந்தாள். வெற்றிலைக் கட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். டப்பாவில் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இது என்ன மாமா என்றாள். ஸ்டாண்ட்பை என்றேன். அப்பா வீட்டு டப்பாவோட காப்பியா? ஆமாம். அதே நம்பரா? எழுத்துக்கு எழுத்து. எப்பவும் ஓடிக்கிட்டே இருக்குமா? பின்னே, செத்தால் அது ஸ்டாண்ட்பையா?

ஒரே நம்பரில் இரண்டு வீடு இருந்தா தபால்காரர் எந்த வீட்டுக்குப் போவார் என்று கேட்டாள்.

பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு.

சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது நான் சொன்னது.

அவள் ஒயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு போனது. பட்டியலில் பெயரும் போனது. அவள் சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

நான் இப்போதும் சொல்கிறேன். காப்பி எடுத்தது தப்பில்லை. அதற்குப் பெயர் தயார்நிலை. ஒரே நம்பரில் இரண்டு டப்பா வந்தால் எவன் அசல் என்று கேட்க வேண்டாமா? அந்தப் புரோகிராம் எழுதினவன் யோசித்திருக்க வேண்டும். ஹாம்காரன் எவனும் ஆண்டெனாவைத்தான் முதலில் பார்ப்பான், பையைப் பார்க்க மாட்டான். பார்க்கவும் கூடாது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பொன்னுரங்கம் வாஷ்பேசின் முன்னால் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறான். இந்நேரத்திலா என்றேன். மகள் வருகிறாள் என்று இரண்டாம் முறையாம். மூன்று வாரமும் ஒரு நாள் விடாமல் அங்கே நின்றிருக்கிறான். ‘நீ பாக்கலைன்னா நான் விளக்கக் கூடாதா’ என்றான், வாயில் நுரையோடு.

அவன் ரூமில் திரையைத் திறந்தேன். என் வீடு தெரிந்தது. பேச்சியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், தலை வாரி, பூ வைத்து. ‘அண்ணே, தெரியுதா’ என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ‘நான் அன்னைக்கே சொன்னேன்ல’ என்று ஆரம்பித்தாள். லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அணைத்துவிட்டேன்.

மங்கை ஏணியை எடுத்து ஒரு கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். சூட்கேஸில் மலைவாழைப் பழம் அடுக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனாள். கனம். நான்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இப்போது ஒரு புதுச் சட்டம். கேமரா மட்டும் போதாதாம், மாசம் ஒரு தடவை நான் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதற்காகத்தான் இந்த வளைவெல்லாம் சுற்றிக்கொண்டு வருகிறேன். எனக்கு வேறு வேலை இல்லையா? போனால் விடுகிறானா? ஒரு நாள் இரு, இரண்டு நாள் இரு என்பான். போன தடவை நான்கு நாள். வேறு வழி இல்லை.

டப்பாவைப் பார்க்க வேண்டுமா? பாருங்கள், தொடாதீர்கள். கரண்ட் ஒயர் சொருகுகிற ஓட்டைக்கு மேல் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. அதில் பேனாவில் எழுதியிருப்பது அவள் கையெழுத்து. ‘மாமா, தேவைப்பட்டா மட்டும்.’ நான் இதுவரை பிரிக்கவில்லை. அடுத்த இடி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

செக்போஸ்ட் வந்துவிட்டது. இறங்கிக் கால் நீட்டுவதென்றால் நீட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில் யார்தான் சரி செய்தது என்கிறீர்கள். இவ்வளவு சொல்லியும் கேட்கிறீர்கள். காஜா, தான்தான் முதலில் கண்டுபிடித்ததாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் மைக்கில் சொல்கிறான். பேச்சியம்மாளும் அப்படித்தான் சொல்கிறாள், மைக் இல்லாமல். பொன்னுரங்கம் யார் கேட்டாலும் சிவனாண்டிதான் சரி செய்தான் என்கிறான். என்னை நக்கல் செய்ய. வலை கட்டினது நான், டப்பா வாங்கினது நான், பையைச் சுமந்தது நான். ஆனாலும் கையெழுத்துப் போடு என்றால் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்.

மங்கையர்க்கரசி.